உள்ளங்கை அளவு வாப்பா

கடையநல்லூர் முஃபீத் சவுதியில் உள்ள தம்மாமுக்கு விமானம் ஏறியபோது மகள் சஃப்ரினுக்குக் குப்புற விழ மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு அவள் தவழ்ந்தது, பல் முளைத்தது, நடந்தது எல்லாவற்றையும் அவன் போனில்தான் பார்த்தான். பகலெல்லாம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிற வேலை. இடுப்பு விட்டுப்போகும். அறைக்கு வந்து வீடியோ கால் போட்டால் அலுப்பு போன இடம் தெரியாது. பிள்ளை திரை முழுக்க முத்தம் கொடுப்பாள். பிஸ்கட் ஊட்டுகிறேன் பேர்வழி என்று போனெல்லாம் தூளாக்கிவைப்பாள். "வாப்பா, ஆ காட்டுங்க!" இந்த மனுஷனும் அங்கே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அறையில் கூட இருந்தவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், அவனுக்கென்ன!

மூன்று வருடம் கழித்து ஒரு மாத லீவு கிடைத்தது. வந்தவன் சும்மா வந்தானா? பிள்ளையைவிட ஒரு சாண் உயரமான கரடி பொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று, "சஃப்ரின் குட்டி!" என்று கையை விரித்தான். பிள்ளை அவனை அண்ணாந்து பார்த்தாள். கரடியைப் பார்த்தாள். போட்டாளே ஒரு சத்தம், பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டார்கள்! ஓடிப்போய் அவன் மனைவி மாஜிதாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இந்த மாமாவ அவங்க வீட்டுக்குப் போகச் சொல்லுங்க உம்மா" என்றாள்.

முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வாரம் போயும் அதே கதைதான். அவன் ஹாலுக்கு வந்தால் அவள் அடுக்களைக்கு ஓடுவாள்.

"புது ஆளுன்னு பயப்படுதா. சரியாயிரும், விடுங்க" என்றாள் மாஜிதா.

"நான் புது ஆளா? இவ பேசுன முதல் வார்த்தையே வாப்பாதான?"

"அது போனைப் பாத்துல்லா சொன்னா." சொன்ன பிறகு மாஜிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த லீவு முடிந்தால் அடுத்து வர இன்னும் இரண்டு வருடம். பெற்ற பிள்ளையை ஒரு தடவைகூடத் தூக்காமலே திரும்ப வேண்டியதுதானா?

"குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்லே. அருவியப் பாத்தா பிள்ள எல்லாத்தையும் மறந்திரும்" என்று யோசனை சொன்னவன் சங்கரபாண்டி. தென்காசியில் முஃபீத்தோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறான். நல்ல சாரல் நேரம். ஐந்தருவியில் தண்ணீர் இரைந்து கொட்டியது. பிள்ளை காரைவிட்டு இறங்கிப் போனாள், அருவியை அண்ணாந்து பார்த்தாள், போட்டாள் அதே சத்தத்தை.

"போச்சு! உனக்குப் போட்டியா இன்னொரு ஆளு வந்துட்டான்லே" என்றான் சங்கரபாண்டி. முஃபீத்துக்கு அவனைப் பிடித்து அருவிக்குள்ளேயே தள்ளலாம்போல வந்தது.

குளியலாவது ஒன்றாவது என்று எல்லாரும் திரும்பி நடந்தார்கள். வழியில் அருவித் தண்ணீர் ஓரமாக ஒரு ஓடையில் போய்க்கொண்டிருந்தது, கணுக்கால் நனைகிற அளவுதான். சஃப்ரின் உம்மாவின் கையைப் பிடித்தபடி கட்டைவிரலை நனைத்தாள். பிறகு பாதத்தை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நட்டநடுவில் உட்கார்ந்து தண்ணீரைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். தள்ளி நின்று பார்த்த முஃபீத்துக்கு உள்ளே சுருக்கென்றது.

"மாஜிதா, இதும் அந்தத் தண்ணிதான?"

"ஆமா. அங்கன மேல இருந்து விழுது, இங்கன காலுக்குக் கீழ ஓடுது."

"போன்ல நானும் உள்ளங்கை அளவுதான இருந்தேன்."

"இப்ப ஆறடி. அதுக்கு மேல ஒரு கரடி வேற" என்று மாஜிதா சிரித்தாள்.

அன்று சாயங்காலமே கரடி பரணுக்குப் போனது. முஃபீத் மாடி அறைத் தரையில் படுத்துக்கொண்டு வீடியோ கால் போட்டான். கீழே பிள்ளை துள்ளிக் குதித்தாள்.

"வாப்பா! நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காங்க!"

"அப்படியா? நல்ல மாமாவா?"

"பெரிய மாமா."

மாஜிதா வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினான். அதற்கடுத்த நாள் பாதிப் படி இறங்கினான். பிள்ளை கண்ணில் படும்போதெல்லாம் தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்குள் அவன் தவழாத குறைதான். "முட்டி தேஞ்சிரப் போவுதுலே" என்று சங்கரபாண்டி கேலி செய்தான். செய்துவிட்டுப் போகட்டும்.

லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு மத்தியானம் ஹாலை ஒட்டிய அறையில் படுத்துக்கொண்டு, கதவை லேசாகத் திறந்துவைத்துக் கூப்பிட்டான். பேசிக்கொண்டே இருந்த சஃப்ரின் திடீரென்று திரையை உற்றுப் பார்த்தாள்.

"வாப்பா, உங்க பின்னாடி நம்ம பீரோல்லா இருக்கு!"

"ஆமாட்டி. வந்து பாரு."

போனைக் கையில் ஏந்திக்கொண்டே வந்தாள். தரையில் படுத்திருந்த ஆளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் ஆளைப் பார்த்தாள். அவன் மூச்சைக்கூட விடவில்லை. அவள் இன்னும் கிட்டே வந்து குனிந்தபோது, ஒன்றின் சத்தம் மற்றதில் புகுந்து இரண்டு போனும் சேர்ந்து வீலென்று அலறின.

பிள்ளை பதறிவிட்டாள். அறை வாசலில் நின்ற மாஜிதா கையை நீட்டினாள். சஃப்ரின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அலறுகிற போனைக் கீழே போட்டுவிட்டு, முஃபீத்தின் நெஞ்சில் ஏறி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பயமா இருக்கு வாப்பா! போன வைங்க!"

பிள்ளையைக் கட்டிக்கொண்ட கைக்குச் சிவப்புப் பொத்தான் அகப்படவே இல்லை. அவளே எட்டி அதை அமுக்கினாள்.