கோமதி அக்கா வேகமாக வரவில்லை

செய்தி வந்தபோது கடையில் ஒரு கல்யாண பேனரை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் பாஸ்கர் போன் செய்தார். "மூர்த்தி, கோமதி அக்கா போயிட்டாங்கபா. ஓரிக்கை ரோட்ல பள்ளம் தோண்டிப் போட்டிருக்கானுங்க. வண்டியோட உள்ள விழுந்துட்டாங்க." போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், கடை வாசலில் நின்றவர்களுக்கும் அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவர் சொன்னார்: "ரேஸ் உடுற அம்மாதான? ஸ்பீடா வந்திருக்கும்."

அக்காவின் உடல் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே இந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போய்விட்டது. இழவு வீட்டுப் பந்தலுக்குள் உட்கார்ந்து டீ குடித்தபடி இதையே சொன்னார்கள். அவரை அறிந்த நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அப்படிச் சொன்னவர்களும் படிக்கட்டும்.

கோமதி அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்து வருவார். கணவர் சேகர் பட்டுத் தறி நெய்கிறவர். வார நாட்களில் அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்றங்கரையை ஒட்டிய பொட்டலுக்கு வந்துவிடுவார். அங்கே நாங்கள் சிலர், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, முழங்கை நீளமுள்ள ட்ரக் வண்டிகளை மண்மேட்டிலும் பள்ளத்திலும் ஓடவிட்டுப் போட்டி வைப்போம். கரடுமுரடான மண்ணில் ஓடுவதற்கென்றே செய்த மின்சார வண்டிகள். முதல் நாள் அவர் ஒரு கட்டைப்பையோடு வந்து நின்றபோது, மகனைக் கூட்டிவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். "பையன் எங்கம்மா?" என்று பாஸ்கர் கேட்டார். "பையன் இல்ல. வண்டி இருக்குது" என்று சொல்லிப் பையிலிருந்து தன் ட்ரக்கை எடுத்து மண்ணில் வைத்தார். அதற்குமேல் எந்த விளக்கமும் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவருக்கு வேகத்தில் பெரிய ஆசை கிடையாது. இதை நான் நெருக்கத்திலிருந்து பார்த்தவன். ஒருமுறை என் ட்ரக்கின் மோட்டாரில் இருந்த சின்னப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, அதிகப் பற்கள் உள்ள பெரியதாகப் போட்டுக்கொண்டு போனேன். பெரிய பல்சக்கரம் போட்டால் நேர்ப்பாதையில் வண்டி பறக்கும். பறந்தது. ஆனால் வளைவை விட்டு வெளியே வரும்போதெல்லாம் முக்கி முனகியது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சூடாகிக் கருகல் வாசனை வந்தது. அக்கா குனிந்து, விரலின் பின்பக்கத்தால் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நம்ம கிரவுண்டுல நேர் ரோடு எவ்ளோ இருக்குதுபா? அத்தினிக்கூண்டு. மிச்சமெல்லாம் வளைவுதான். அந்த அத்தினிக்கூண்டு ரோட்டுக்கோசரம் மோட்டார எரிச்சிக்கினு இருக்கிற."

அவருடைய ட்ரக்கில் எங்கள் எல்லோருடையதையும்விடச் சின்னப் பல்சக்கரம்தான் இருந்தது. நேர்ப்பாதையில் எல்லோரும் அவரை முந்துவோம். வளைவுகளில் ஒவ்வொருவராகப் பின்தங்குவோம். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். "என்னக்கா, மாட்டு வண்டி மாதிரி ஓட்டிட்டு ஜெயிக்கிறீங்க" என்பேன். "உருளாம ஓட்றவங்கதான் ஜெயிப்பாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

பொறுமைக்கும் அவர்தான். ஒரு மழைக்காலம் முடிந்து மண் இறுகிப்போன பிறகு, அவர் வண்டி வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னோம். டயரை மாற்றுங்கள், ஷாக் அப்சார்பரில் எண்ணெயை மாற்றுங்கள், ஸ்பிரிங்கை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று பாஸ்கர் கருவிப் பெட்டியைத் திறந்தேவிட்டார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். "எல்லாத்தையும் மாத்திப்புட்டு எதனால சரியாச்சின்னு யாரப் போய் கேப்ப டாக்டரே?" முதலில் டயரை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்தார். வழுக்கியது. பழைய டயரையே திரும்பப் போட்டார். பிறகு பின்பக்க ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் மென்மையானதாகப் போட்டார். பின்சக்கரங்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டன. அன்றைய போட்டி அதற்குள் முடிந்தே போயிருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே முறை. எங்கள் போட்டிகளில் கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்திவிட, முறைபோட்டு ஆட்கள் பாதையோரம் நிற்போம். அன்று அக்கா முறை. சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர், பாதையில் ஆள் நிற்பதைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி அக்காவின் கணுக்காலில் மோதி ரத்தம் வந்தது. அக்கா சத்தம் போடவில்லை. அந்த வண்டியை எடுத்து, சுவிட்சை அணைத்து, தன் கட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். உரிமையாளர் ஓடிவந்து, "டச்தானங்க பட்டுது, குடுங்க" என்றார். "ஆளு நிக்கிற எடத்துல மெதுவா ஓட்றேன்னு எல்லார் எதிர்லயும் சொல்லு. குடுக்கறேன்." வெயிலில் வெகுநேரம் அப்படியே நின்றார். அந்த ஆள் அப்படிச் சொன்ன பிறகுதான் பை திறந்தது.

இவரைத்தான் கண்மண் தெரியாமல் வந்து விழுந்தார் என்கிறார்கள்.

நடந்தது இதுதான். அன்று காலை அவர் அந்தச் சாலை வழியாகத்தான் ஓரிக்கைக்குப் போனார். சாலை நன்றாக இருந்தது. மதியத்துக்குமேல் குழாய் பதிக்கிறோம் என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சாலையின் குறுக்கே வெட்டினார்கள். வேலை முடியவில்லை, போய்விட்டார்கள். தடுப்பு வைக்கவில்லை. சிவப்பு விளக்கு வைக்கவில்லை. ஒரு மரக்கிளையை ஒடித்துச் சொருகக்கூட ஒருவருக்கும் கை வரவில்லை. பொழுது சாய்ந்தபோது மின்சாரம் இல்லை, தெருவிளக்கும் எரியவில்லை. எடுத்த ரத்தக் குப்பிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அக்கா ஸ்கூட்டரில் திரும்பி வந்தார். அந்தப் பெட்டி குலுங்கக்கூடாது என்பதற்காகவே அவர் எப்போதும் சைக்கிள்காரர்களை முன்னால் விட்டுவிட்டுப் போகிறவர். அவரோடு வண்டியில் உட்கார்ந்து போன யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மறுநாள் காலை ஒப்பந்தக்காரரின் ஆள் என் கடைக்கு வந்தார். கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டுமாம். பத்தடிக்கு எட்டடி. அக்காவின் படம் ஒரு மூலையில். கைகூப்பிய நிலையில் ஒப்பந்தக்காரரின் படம் நடுவில். வாசகத்தைப் போனில் காட்டினார். 'வேகமே வாழ்வெனக் கொண்ட ரேஸ் ராணிக்கு எங்கள் இதய அஞ்சலி.' படித்து முடித்ததும் போனை அவர் பக்கமே தள்ளினேன்.

"இத நான் அடிக்க மாட்டேன்."

"ஏம்பா? அண்ணன் நல்ல மனசோட சொல்றாரு. அந்தம்மாவுக்குப் பெருமதான?"

"பள்ளத்துக்கு முன்னாடி ஒரு கொம்பு நட்டிருந்தா இந்த பேனரே தேவையில்ல. அத போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஊரில் பேனர் கடைகளுக்கா பஞ்சம்? மதியத்துக்குள் அதே வாசகத்தோடு அக்காவின் தெருமுனையிலேயே பேனர் நின்றது. பள்ளத்தை அதற்கு முன்பே மூடிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் வேலை அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்தது.

சேகர் அதிகம் பேசாதவர். பந்தலிலிருந்து எழுந்து வீட்டுக்குள் போனார். தறியில் நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். அத்தனை பேர் பார்க்க, பேனரில் இருந்த அக்காவின் படத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்றதைத் தொடவில்லை. கூப்பிய கையோடு ஒப்பந்தக்காரரும், பக்கத்தில் ஒரு ஓட்டையுமாக அது நாலைந்து நாள் அங்கேயே நின்றது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனபோது, முதல் தகவல் அறிக்கை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்ததால் என்று இருந்தது. "அந்தம்மா ரேஸ் ஓட்டுறவங்களாமே?" என்றார் அங்கிருந்த அதிகாரி. பாஸ்கர் ஏதோ இங்கிலீஷில் தொடங்கினார். சேகர் அவர் தோளில் கைவைத்து நிறுத்தினார்.

"அது கையில ரிமோட்ட வச்சிக்கினு ஓட்ற வண்டி சார். வண்டிதான் ஓடும். அவ நின்ன எடத்துலயேதான் நிப்பா."

அதிகாரி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து எதையோ புரட்டினார். எங்கள் மனுவை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த வார்த்தைகளை இன்னும் மாற்றவில்லை. பள்ளமே இல்லையே, எதை வைத்து விசாரிப்பது என்று கேட்கிறார்கள். மூடியவன் யார் என்று நாங்கள் கேட்கிறோம். இந்த இடத்திலேயே பேச்சு நிற்கிறது.

நண்பர்கள் சிலர் "விடு மூர்த்தி, போனவங்க வரவா போறாங்க" என்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அவர் வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கும் பொய் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? மற்றவர்கள் அவருடைய சிரிப்பை வைத்துக்கொள்ளட்டும், ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவருடைய கோபம் போதும். குரலை உயர்த்தாமல், சொல்ல வேண்டியதைச் சொல்ல வைக்கும்வரை நகராமல் நிற்கும் அந்தக் கோபம். என்னிடம் அது அவ்வளவு அமைதியாக வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சேகர் தறியை நிறுத்திவிட்டு வந்துவிடுவார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போகிறேன்.