ஆறரை மணிக் கேட்டும் நடுக்காதுச் செல்களும்

நேற்று மாலை ஆறரைக்கு நான் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே இருந்தேன்!

(என்னைத் தெரிந்தவர்கள் கதிரையைப் பிடித்துக்கொள்ளவும்.)

கணவர் இறந்தபின் மேல் அறையில் ஒரு பிள்ளையை போர்டிங் வைத்திருக்கிறேன். தர்ஷினி. சொந்த ஊர் ஹேவாஹெட்டப் பக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்.

என் வீட்டில் ஒரே விதி. ஆறரைக்குக் கேட் பூட்டப்படும்.

போன கிழமை ஒருநாள் பிந்தி வந்தாள். ஏசினேன். மறுநாள் நேரத்துக்கே வந்தாள்; அதையே சொல்லி ஏசினேன். அதற்கு மறுநாளும்.

முந்தாநாள் வியாழக்கிழமை தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் வேற ரூம் பாத்துக்கிறேன். ஒங்களுக்கும் கஷ்டம்."

'போகாதே' என்று சொல்லி என் வாய்க்குப் பழக்கமில்லை.

"அப்படி என்னதான் வேலை? நாளைக்கு நானே வந்து பாக்கிறேன்" என்றேன்.

அவளுடைய ஆய்வுகூடத்துக்குப் போனேன். கஞ்சி போட்ட சேலை, கையில் குடை.

நடுக்காதுச் செல்களைக் கிண்ணத்தில் வளர்க்கிறார்கள்! கிருமியின் துணுக்குகளைப் போட்டால் செல்லுக்குள் அபாயச் செய்தி ஓடுகிறது. ஓடினால் வெளிச்சம் வரும்படி செய்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தை ஒரு மெஷின் அளக்கிறது. அதைக் குறைக்க மருந்து தேடுகிறார்களாம்.

"குறிச்ச நேரத்துக்கு அளக்கணும் ஆன்ட்டி. நடுவுல விட்டுட்டு வந்துட்டா எல்லாம் வீண்."

"கிருமி வந்தா கத்தத்தானே வேணும்? அதுல என்ன பிழை?"

"கத்துறது நல்லதுதான். கிருமி போன பொறகும் நிறுத்தாம கத்துனாத்தான் காதே கெட்டுப்போகுது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் கேட்காதவள் போல மெஷினைப் பார்த்தேன். (எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.)

மருந்து சேர்த்த கிண்ணத்துக்கு மெஷினில் இலக்கம் குறைந்தது.

"எறங்குது ஆன்ட்டி! எறங்குது!"

என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். அவர் போனபின், நாடி பார்க்கும் டொக்டரைத் தவிர யாரும் அந்தக் கையைப் பிடித்ததில்லை.

பிறகு மணியைப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, கேட்! இன்னும் ஒரு அளவு இருக்கு. நீங்க த்ரீவீல்ல போங்க ஆன்ட்டி..."

"இரு பிள்ளை. அளந்து முடி."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருவரும் வீடு வந்தபோது தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

இன்று காலை டவுனுக்குப் போய் இன்னொரு சாவி வெட்டுவித்தேன். அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தாள். கண் கலங்கியது. உடனே குறும்பும் வந்தது.

"அப்ப இனி ஏச மாட்டீங்களா ஆன்ட்டி?"

"ஏசுவேன். ஒரு தடவை மட்டும்."