மச்சானும் நானும் ஆடிய முதல் சுற்று

எங்கள் இருவருக்கும் நடுவே, அவசரமே இல்லாமல் நடந்து வருவதுபோல் வந்த அந்தப் பந்தை மச்சானும் நானும் மரியாதையாக வழியனுப்பி வைத்தோம். தொண்ணூறுகளின் கடைசி. தல்லாகுளம் பக்கம் நடந்த தொழில்முறை டென்னிஸ் போட்டி; ஆண்கள் இரட்டையர், முதல் சுற்று. உள்ளூர் ஜோடி ஒன்றாவது இருக்கட்டும் என்று எங்களைச் சேர்த்திருந்தார்கள். எதிரே இரண்டு வெளிநாட்டுப் பையன்கள். அவர்கள் சர்வீஸ் போட்டால் சத்தம் மட்டும்தான் எனக்குக் கிடைக்கும், பந்து கிடைக்காது.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஆட்டக்காரர் அவர்தான், நான் அவர் பக்கத்தில் ராக்கெட்டோடு நின்றவன். கல்யாணம் முடிந்த கையோடு அப்பா அவரை எங்கள் ஜவுளிக்கடையில் உட்காரவைக்கப் பார்த்தார். மச்சான் ஒரு வாய்ப்புக் கேட்டார். இந்தப் போட்டியில் ஒரு சுற்று தாண்டினால் ஊர் ஊராகப் போய் ஆடலாம், தோற்றால் கடை என்று பேச்சு முடிந்தது.

"ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சாப் போதும் மாப்ள. அப்பறம் உனக்குப் பதிலா ஆடத் தெரிஞ்சவனாப் பாத்துக்கிறேன்" என்றார், பைக்கில் போகும்போது.

"நானும் சாமிகிட்ட அதைத்தான் கேட்டிருக்கேன் மச்சான்."

மச்சான் புண்ணியத்தில் முதல் செட்டை நாங்கள் எடுத்துவிட்டோம். இரண்டாவது செட்டில்தான் அப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் மாப்பிள்ளையான மச்சான் சாப்பிட்டு எழும்வரை நான் இலையில் உட்காரக் கூடாது. அதுவரை "எனக்கு, விடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். நடுவில் வந்த பந்துக்கு, "எடுங்க மச்சான்" என்றேன். மாமனார் பார்க்க மச்சினனை முந்திக்கொண்டு அடிக்க அவருக்கும் கூச்சம். "நீ எடு மாப்ள" என்று ஒதுங்கினார். அந்தப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் வழி திறந்து கிடப்பது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாப் பந்தும் அங்கேதான் வந்தது, மூன்றாவது செட்டின் கடைசிப் பந்து உட்பட.

"ஒருத்தருக்கொருத்தர் எம்புட்டு மரியாதை" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார்.

மச்சான் கடைக்கு வந்தார். சேலையை உதறி விரிக்கையில் அவருடைய மணிக்கட்டு சுழலும், அசல் பேக்ஹேண்ட். பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, டீ சொல்லிவிட்டு வாரேன் என்று வெளியே போய்விடுவேன். மச்சானின் பேச்சு முதலில் கடையில் குறைந்தது, பிறகு வீட்டில். சில வருஷங்களில் அக்கா எங்களிடமே திரும்பி வந்தாள், விவாகரத்தும் ஆயிற்று. அவர் ஊரைவிட்டே போனார். வீட்டில் அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அதற்குப் பின் எத்தனையோ பேரோடு ஜோடி சேர்ந்து ஆடிவிட்டேன். தப்பாக அடித்தால் முறைப்பார்கள். நான் வேலிக்கு அப்பால் அடித்தாலும், "பரவால்ல மாப்ள, பந்துதான் துள்ளுது" என்று பந்தின்மேல் பழியைப் போட மச்சான் ஒருவரால்தான் முடிந்தது.

போன மாதம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில், தான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்து வந்திருந்த அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன மாப்ள, கடைச் சரக்கு பூராத்தையும் உள்ள கட்டியிருக்க?"

சிரித்தோம். "சாயங்காலம் கோர்ட் காலிதான். ஒரு செட் ஆடுவமா?" என்றார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு செட் ஆடினால் அடுத்த வாரமும் வந்து நிற்பேன், அதற்கடுத்த வாரமும். எங்கே போய் வருகிறாய் என்று அக்கா கேட்பாள்.

"முட்டி வலி மச்சான்" என்றேன். முட்டியில் எனக்கு இன்றுவரை ஒரு கோளாறும் இல்லை.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். "ஐஸ் வை மாப்ள. சரியானதும் ஆடிக்கலாம்" என்றார்.

விடைபெற்றுத் திரும்பினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வாசல் வரை நொண்டிக்கொண்டே போனேன்.