பவுடர் பூசிக்கொண்ட ஜீப்

ஊரிலுள்ள படகுகளின் ஓட்டைகளை அடைப்பதுதான் எங்கள் நைனாவுக்குத் தொழில். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்துத் திணித்து, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார். ராயபுரம் கடற்கரையில் அவர் கை பட்ட படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்று பெயர். எங்கள் வீட்டுக் கூரை மட்டும் மழைக்கு மழை ஒழுகும். அம்மா அந்தப் பேச்சை எடுத்தால் நைனாவுக்கு உடனே கடற்கரையில் அவசர வேலை வந்துவிடும்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒழுகுகிற ஜீப் ஒன்று வந்து வாய்த்ததை என்னவென்று சொல்ல! யுத்தம் முடிந்து பட்டாளத்துப் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, நைனாவை நச்சரித்து அதை வாங்க வைத்தார். எந்தெந்தத் தேசத்துச் சேற்றில் உழைத்ததோ, வரும்போதே அது கிழடு தட்டித்தான் வந்தது. ஆனால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். எண்ணூர் மணலில் மாட்டுவண்டியே திணறும் இடத்தில், மாமா கியருக்குப் பக்கத்திலிருக்கும் சின்னக் கம்பியை இழுத்தால் போதும், முக்கி முனகி ஏறிவிடும். நெட்டுக்குப்பத்தில் மீன் ஏற்றிவந்து ராயபுரம் மார்க்கெட்டில் கூடை வைத்து விற்கும் அம்மாவிடம் இறக்குவது மாமாவின் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் முன் சீட்டில் நான். அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. வழியில் என் வகுப்புப் பெண்கள் நின்றால் அவர்களைக் கவனிக்காத மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போவேன். அத்தனை கர்வம்.

வாங்கிய ஆறாம் மாதம் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. நெட்டுக்குப்பத்தில் மணல் ஏறியதும் முதலில் வரும் வீட்டு வாசலில் மாமா வண்டியை நிறுத்துவார். எஞ்சின் ஆறவேண்டும், எண்ணெய் ஊற்றவேண்டும், பிறகு கை துடைக்கவேண்டும். அந்த வீட்டில் ஓர் அக்கா உண்டு. பழந்துணியும் ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பாள். மாமாவின் கையில் அழுக்கு சீக்கிரம் போகாது. இன்னொரு செம்பு வரும். அப்புறம் இன்னொன்று. வாசலில் வலையை விரித்துப்போட்டுப் பொத்தல் பின்னிக்கொண்டிருக்கும் அவளுடைய அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்.

மீன் மார்க்கெட்டுக்கு வந்து சேரும்போது ஐஸ் உருகி, வாடிக்கை ஆட்களெல்லாம் வேறு கூடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அம்மா நைனாவைப் பிடித்துக்கொண்டாள். “ஊர்ப் படகெல்லாம் அடைக்கிறியே, இந்த ஒரு வண்டிய அடைக்க முடியாதா?”

நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தண்ணீர் எங்கே வருகிறதோ அங்கேதான் ஓட்டை. படகில் கண்ட பாடம் அது. ஜீப்பைப் படகு மாதிரியே கட்டைமேல் ஏற்றி, அடியில் படுத்து, எண்ணெய் சொட்டிய இடத்தில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியத்தைப் பூசினார். மறுநாள் எஞ்சின் சூடேறியதும் குங்கிலியம் உருகிப் புகைந்தது. திருவொற்றியூர்த் தெருவில் நாங்கள் மணக்க மணக்கப் போனபோது, சாமி புறப்பாடு என்று நினைத்து ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எண்ணெய் முன்னைவிட அதிகமாகச் சொட்டியது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். அவரும் அடியில்தான் படுத்தார். எஞ்சின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் வளையம் தேய்ந்துவிட்டது, எஞ்சினையே மொத்தமாக இறக்கவேண்டும், சாமான் கிடைப்பது கஷ்டம் என்று கையை விரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காயலான் கடைக்காரன் வந்து வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு ஓட்டிப்போவான் என்று நைனா முடிவு செய்தார். மாமா அன்று சோறு தின்னவில்லை. நான் தின்றுவிட்டு அழுதேன்.

வியாழக்கிழமை, கொடுக்கிற வண்டியைச் சுத்தமாகக் கொடுப்போம் என்று மாமா எஞ்சினைக் கிருஷ்ணாயிலால் கழுவித் துடைத்து வைத்தார். அத்தனை நாள் பிசுக்கும் போய், இரும்பு பளிச்சென்று இருந்தது. எனக்குத் துக்கம் தாளவில்லை. போகிற வண்டி அழகாகப் போகட்டும் என்று அம்மாவின் முகப்பவுடர் டப்பாவை எடுத்துவந்து எஞ்சின் முழுக்கத் தட்டி, நன்றாகப் பூசிவிட்டேன். டப்பாவில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. அம்மா முதுகில் வைத்த அடி இன்னும் ஞாபகமிருக்கிறது.

காயலான் கடைக்காரனுக்கு ஓட்டிக் காட்டவேண்டுமே என்று மாமா வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். நான் தேம்பிக்கொண்டே பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பவுடரின்மேல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அடியில் இல்லை, மேலே! எண்ணெய் வடிகட்டிக்குப் போகும் குழாயின் நட்டிலிருந்து கிளம்பி, எஞ்சின் முதுகோடு பின்னால் ஓடி, கீழே இறங்கிச் சொட்டியது.

“மாமா, மேலேந்து வருது பாரு!” என்று கத்தினேன்.

மாமா ஓடிப்போய் பாயைக் கையோடு இழுத்துவந்தார். பாய் அந்த நட்டைத் தொட்டார். விரலுக்கே சுற்றியது. ஸ்பானரால் இரண்டு திருகு திருகியதும் கோடு நின்றது. “இத்தினி நாளும் கீழயே பாத்துகினு கீறோமே, மாமு!” என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டு சிரித்தார். நைனா அன்று மாலை புது பவுடர் டப்பா வாங்கிவந்து அம்மாவிடம் நீட்டினார். மறுநாள் காயலான் கடைக்காரன் வந்த வழியே திரும்பிப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பம் போனோம். மணல் ஏறியதும் அந்த வீட்டு அக்கா செம்பும் துணியுமாகத் தயாராக நின்றிருந்தாள். எனக்கு வாய் நிற்கவில்லை. “இனிமே தண்ணி வேணாங்கா! வண்டிய நான் சரி பண்ட்டேன்!” என்று சீட்டில் எழுந்து நின்று கூவினேன். அவள் முகம் வாடிப்போயிற்று. நிறுத்துவதற்குக் காரணமில்லாத மாமா நிறுத்தாமல் போனார். பத்து வீடு தாண்டியதும் வண்டி நின்றது. மாமா வந்த வழியே பின்னோக்கி ஓட்டி, அதே வாசலில் நிறுத்தினார்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர் குனிந்து ஜீப்பின் அடியைப் பார்த்தார்.

“எண்ண ஒழுவலியே?”

“இல்லீங்க.”

“அப்ப இன்னாத்துக்கு நின்னே?”

மாமா வேட்டியில் கையைத் துடைத்தார். கையில் அழுக்கே இல்லை. “ஒங்க பொண்ணக் கேக்கலாம்னு...” என்றார். அவர் பின்னுகிற ஊசியைக் கீழே வைத்தார். “இத்தக் கேக்க ஒனக்கு மூணு மாசமா?” என்று அவர் கேட்டதும், கதவுக்குப் பின்னால் செம்பு தடாலென்று விழுந்தது.

தை மாதம் கல்யாணம். பந்தியில் அந்த அக்கா, இப்போது என் அத்தை, தன் இலையில் விழுந்த முதல் லட்டை எடுத்து என் வாயில் திணித்து, என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இந்தக் குட்டிக்கு மட்டும் என்ன விசேஷம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எஞ்சினைச் சரி பண்ணியதற்கு என்று லட்டும் வாயுமாக நானே விளக்கம் சொன்னேன். பந்தி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. மாமா தலையைத் தூக்கவேயில்லை. அத்தனை பெரிய ரிப்பேரைக் கண்டுபிடித்தவளைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.