க்ளைவ் ஒளிந்திருந்த சுவர்

1989 ஆகஸ்ட் பள்ளி விடுமுறையின் இரண்டாம் புதன்கிழமை நாங்கள் மூவர் எங்கள் புறநகர் மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து புறப்பட்டோம்: நான், அப்பா, பக்கத்து வீட்டு ஜாய்ஸ் அன்ரி. அன்ரிக்கு அறுபத்தெட்டு வயது. இடது முழங்கால் மடங்காது. வருகிற சனிக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் வெலிங்டனுக்குப் போகிறார். அதற்கு முன் ஒரே ஆசை: போர் நினைவு அருங்காட்சியகச் சுவரில் இரண்டாம் உலகப் போருக்குப் போன தன் தம்பி க்ளைவின் பெயரைப் பார்த்துவிட வேண்டும். இத்தனை வருடம் போகவில்லை. மகன் காணாமல் போனவன்தான், செத்தவனில்லை என்று அவருடைய அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மா போனார், பிறகு முழங்கால் போனது.

அன்ரியை எனக்குப் பழக்கமாக்கியது என் குறும்பு. இரண்டு வீட்டுத் தபால் பெட்டிகளையும் மாற்றி வைத்தேன். அவர் திட்டவில்லை. மறுநாள் எங்கள் பெட்டிக்குள் ஒரு ரப்பர் தவளை! "எனக்கும் உன்னைப் போல ஒருத்தன் இருந்தான்" என்று பிஸ்கட் டின் நிறையக் கடிதங்களைக் காட்டினார்.

வீட்டில் என்னை வால் என்பார்கள். க்ளைவ் அசல் வால்: குண்டுவீச்சு விமானத்தின் வால் நுனியில், கண்ணாடிக் கூண்டுக்குள், துப்பாக்கிகளோடு தனியாக உட்கார்ந்தவன். அதற்கு முன் சைக்கிள் கடையில் வேலை. கனடாவில் பயிற்சி, அங்கே கூட்டாளிகளின் பைஜாமாக் கால்களைத் தைத்து மூடிவிட்டானாம். பிறகு இங்கிலாந்து. ஒருமுறை எதிரி விமானம் பின்னால் நெருங்கியதை அவன்தான் முதலில் கண்டு, சுட்டு விரட்டி, உள்ளே இருந்த ஏழு பேரையும் காப்பாற்றினான். கடிதத்தில் எழுதியது இவ்வளவுதான்: 'ஒருவர் வந்தார், வணக்கம் சொன்னேன், போய்விட்டார். தேநீர் ஆறிப்போச்சு.' பதினெட்டாவது பயணத்தில் விமானம் கடலோடு போனது. கல்லறை கிடையாது.

குண்டு போடும் விமானம் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அப்பா, "காணாமல் போன பிள்ளைக்கு ஒரு பேராவது இருக்கவேணும்" என்று கிளம்பினார். அவருக்கு மூன்று மணிக்கு மங்கரேயில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை.

காலை 9.40 ரயில். நியூமார்க்கெட்டில் இறங்கி, பூங்கா வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். எனக்குப் பதினைந்து நிமிடம், அன்ரியோடு ஐம்பது. அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. பெயர்கள் மேல்மாடியில். அன்ரியைக் கீழே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, பெயர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நானும் அப்பாவும் ஏறினோம்.

பளிங்குச் சுவர் முழுக்கப் பெயர்கள், ஆங்கில அகரவரிசையில். க்ளைவ் என்றால் 'சி' தானே? இருபத்தைந்து நிமிடம் 'சி'யைக் கரைத்துக் குடித்தோம். இல்லை.

"பேர் இல்லை, பிள்ளை. அந்த மனுசியிட்ட என்னண்டு சொல்லுறது?" அப்பாவின் குரலே இறங்கிவிட்டது.

"பொறுங்கோ அப்பா. பள்ளிக்கூடத்தில என்னை என்னெண்டு கூப்பிடுறவை?"

"சிவலிங்கம் எண்டு."

"அது ஆர்?"

"நான்தான்!"

வந்த புதிதில் ஆசிரியை 'சிவலிங்கம்' என்று அழைத்தபோது, அப்பாவைத் தேடுகிறார் என்று பேசாமல் இருந்து, ஒரு வாரம் வகுப்பில் இருந்துகொண்டே வராதவளானேன். நமக்கு அப்பா ஒரு எழுத்தாக முன்னால் நிற்பார். இவர்கள் பட்டியலில் அப்பா பக்கத்துப் பெயர்தான் ஆளையே இழுத்துப் போகும்.

கீழே ஓடினேன். பெயர் கிடைக்கவில்லை என்று முகத்தில் தெரியக்கூடாதே! "அன்ரி, சும்மா கேக்கிறன், உங்கட அப்பாவின்ர முழுப்பேர் என்ன?"

"ஆல்பர்ட் டன்வுட். ஏன், அவரோடும் சேட்டையா?"

'டி'. இரண்டாம் நிமிடம் கிடைத்தான்: டன்வுட், என் கண்ணுயரத்தில். அப்பா என் முதுகில் அறைந்த அறையில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அன்ரி மாடிப்படியைத் தானே ஏறினார். அப்பா நீட்டிய கையைத் தட்டிவிட்டார். நடுவில் நான்கு தடவை நின்று, "சின்ன வயசில் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுவோம். ஒரு நாளும் அவன் அகப்பட்டதில்லை. நான்தான் தோற்றேன் என்று கத்துவேன்" என்றார்.

சுவரருகே போய்ப் பெயரைப் பார்த்தார். ஊன்றுகோலை என்னிடம் தந்தார். உள்ளங்கையைப் படாரென்று பெயர்மேல் அடித்து, கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"பிடிச்சிட்டேன்டா, க்ளைவ்!"

அப்பா கண்ணைத் துடைத்தார். நான் கை தட்டினேன். காவலாளிகூடச் சிரித்தார்.

போக விரும்புபவர்களுக்கு: இரண்டு மணிநேரம் ஒதுக்குங்கள், ஏற்றத்தில் இருக்கைகள் குறைவு. ஒரு சாப்பாட்டுப் பொதி போதாது. வென்றவர்களுக்கு அகோரப் பசி வரும். புறப்படும் முன் தேடப்படுபவரின் அப்பா பெயரைக் கேட்டு வையுங்கள்.

திரும்பும் ரயிலில் அன்ரி வேண்டுமென்றே பின்பக்கம் பார்க்கும் இருக்கையில் உட்கார்ந்தார். க்ளைவ் எப்போதும் அப்படித்தானே போனான்! "இனி அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம்" என்றார், அருங்காட்சியகக் குன்று மறையும்வரை பார்த்தபடி. "காணாமல் போகவில்லை. ஒளிந்திருந்தான்."