ரத்தம் எடுத்த நேரம்

மேடம் அந்தப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு நின்ற காலை நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆய்வகத்தின் ஜன்னல் கம்பிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீல அட்டை போட்ட தடித்த பதிவேடு. பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து. ரத்தம் கொடுத்தவரின் எண், வயது, ரத்தம் எடுத்த நேரம், அது எங்களிடம் வந்து சேர்ந்த நேரம். ஒரு விரலை இடப்பக்கத்து வரியிலும் இன்னொரு விரலை வலப்பக்கத்து வரியிலும் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: “நம்ம ஸ்டாஃபோட ரத்தம் எல்லாம் காலம்பற எடுத்து உடனே வெச்சதுதானே? ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றது மட்டும் எப்பவும் உச்ச கழிஞ்சுதான் வருதா?”

“ஆமா மேடம், மத்தியானத்துக்கு மேலதான். ஓ.பி. முடிஞ்ச பொறவு மொத்தமா பெட்டியில வெச்சுத்தான் அனுப்புவாங்க. மூணு மணி, நாலு மணி ஆயிரும்.”

அவர் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். “அப்போ போச்சு, கேட்டோ” என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

போனது பதினோரு ஆண்டு உழைப்பு. மேடம் புற்றுநோய் மரபியல் ஆராய்ச்சியாளர். மலையாளம் பேசும் அந்த ஊரில், கோட்டைப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம் அவருடையது. நான் நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்த டெக்னீஷியன். அவரைவிட நான்கு வயது இளையவள். ஆராய்ச்சியின் கேள்வி என் போன்றவளுக்கும் புரியக்கூடியதுதான். சிலருடைய உயிரணுக்களில் குரோமோசோம்கள் எளிதில் உடைகின்றன. உடைந்தவை சரியாக ஒட்டுவதில்லை. புற்றுநோய் தொடங்கும் வழிகளில் அதுவும் ஒன்று. மார்பகப் புற்று வந்த பெண்களின் மகள்களுக்கும் தங்கைகளுக்கும் அப்படி உடையும் தன்மை ரத்தத்திலேயே தெரியுமா? தெரிந்தால், நோய் வருவதற்கு முன்பே அவர்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளலாமே. இதுதான் அவர் கேட்ட கேள்வி. ரத்தத்தை மூன்று நாள் வளர்த்து, சிறிதளவு கதிர்வீச்சு கொடுத்து, கண்ணாடித் துண்டில் சொட்டி, சாயமேற்றித் தருவது என் வேலை. நுண்ணோக்கியில் குனிந்து உடைவுகளை எண்ணுவது அவர் வேலை. எது யாருடையது என்று தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று, பெயரையும் எண்ணையும் மறைத்துக் கொடுக்கச் சொல்வார். எண்ணி முடித்த பிறகு நான்தான் மறைத்ததைப் பிரித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் விடை ஒன்றாகவே இருந்தது: நோயாளிகளின் குடும்பத்து ரத்தத்தில் உடைவு அதிகம், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த எங்கள் ஊழியர்களின் ரத்தத்தில் குறைவு. கட்டுரைகள் வந்தன, வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. எண்ணி எண்ணி மேடத்துக்குக் கழுத்து வலியும் வந்தது.

அன்று காலை அவருக்கு எழுந்த சந்தேகத்தை அவரே சோதித்தார். தன் கையிலும் என் கையிலும் ரத்தம் எடுக்கச் செய்தார். ஒரு பாதியை உடனே வளர்க்க வைத்தோம். மறு பாதி ஆஸ்பத்திரிப் பெட்டியிலேயே மாலை வரை கிடந்தது. வாரக்கணக்கில் இப்படிச் செய்து பார்த்தோம். காத்திருந்த ரத்தத்தில்தான் உடைவு அதிகமாக இருந்தது. அவருடைய ஒரே ரத்தம் இரண்டு வேறு மனிதர்களின் ரத்தம்போல் நுண்ணோக்கியில் தெரிந்தது. நாங்கள் இத்தனை ஆண்டுகளாக எண்ணியது நோயின் அறிகுறியை அல்ல, பெட்டிக்குள் கழிந்த நேரத்தை.

கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அவர் ஆய்விதழ்களுக்குக் கடிதம் எழுதியபோது, துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். கோப்புகளோடு நானும் போயிருந்தேன். தலைவர் கெட்டவர் அல்ல, களைத்துப்போனவர். “யாரும் கேட்கலையே மேடம். நாமளா எதுக்குப் போய்ச் சொல்லணும்?” என்று மலையாளத்தில் கேட்டார். “நான் கேட்டேன் சார்” என்றார் மேடம். அதன்பின் மாணவர்கள் ஒவ்வொருவராக வேறு வழிகாட்டிகளிடம் போனார்கள். திட்டம் நீட்டிக்கப்படவில்லை. எங்களைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்த சிறிய அறைக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து, எல்லா ரத்தத்தையும் ஒரே நேரக் கணக்கில் வைத்து, முழு ஆராய்ச்சியையும் மேடம் முதலிலிருந்து செய்தார். நான்கு ஆண்டுகள் ஆயின. இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை என்று ஒரு சின்னக் கட்டுரை வந்தது. அதைப் படித்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் எழுத நினைத்தது என்னைப் பற்றிய வேறொரு விஷயம். அந்தக் கடிதத்துக்குப் பல ஆண்டுகள் முன்பு, சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மா சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். அவருடைய மகள் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தாள். இருபத்து மூன்று, நான்கு வயதிருக்கும். முடிவை ரத்தம் கொடுத்தவர்களிடம் சொல்லக் கூடாது. அது ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். ஒரு நாள் நடைபாதையில் என்னை நிறுத்தி, “அக்கா, என் ரத்தத்துல என்ன இருந்துச்சு? மறைக்காம சொல்லுங்க” என்றாள். சுற்றிலும் மலையாளமே கேட்கும் அந்த இடத்தில் தமிழில் ஒருத்தி கேட்டதும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. “கொஞ்சம் கூடுதலா ஒடையுது மக்கா. நீ கவனமா இருந்துக்க” என்றேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். அவளுடைய அம்மா மறு ஆண்டு இறந்துபோனார். அவள் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், தனக்கும் அந்த நோய் வரும், பெற்ற பிள்ளையைத் தாயில்லாமல் விட மாட்டேன் என்று சொல்வதாகவும் தெரிந்தவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

மேடம் கடிதத்தை அனுப்பிய அன்றுதான் அவரிடம் இதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “கடை எங்கேன்னு தெரியுமா? நாளைக்குப் போகலாம்” என்றார்.

மத்தியான வெயிலில் போனோம். தெருவில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் தளர்ந்துபோனதால் கடையை அவள்தான் கவனித்து வந்தாள். எங்களை முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, விரித்த ரவிக்கைத் துணிகளை மடித்தபடியே கேட்டாள். மேடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. “உங்க ரத்தத்துல பார்த்தது தப்பு. அது நோயைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. அம்மாவுக்கு வந்ததனால மத்தவங்களைவிட நீங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும், வருஷம் ஒரு தடவை செக் பண்ணிக்கணும். அவ்வளவுதான். எங்க லேப்லேர்ந்துதான் உங்ககிட்ட சொன்னோம். தப்பு எங்களோடது.”

‘சொன்னோம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“ரெண்டு எடத்துலருந்து பொண்ணு கேட்டு வந்தாங்க டாக்டரம்மா. ரெண்டாவது வந்தவங்க நல்ல மனுசங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்.”

“அதை எங்களால திருப்பித் தர முடியாது” என்றார் மேடம். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கூசியிருக்கும். கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தோம். அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். கடையில் அவள் மட்டும் இருந்தாள். “உங்கிட்ட சொன்னது நான்தான். மேடத்துக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. அவங்க பழிய ஏத்துக்கிட்டாங்க” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதாக்கா? என் காதுலதான சொன்னீங்க. அன்னைக்கு அவங்க முன்னாடி வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன்.”

“இப்ப வந்திருக்கேம்லா.”

“இப்பக் கடையில நான் மட்டும்தான இருக்கேன்” என்றாள்.

அதில் கோபம்கூட இல்லை. ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்கு வா, நான் கூட இருக்கிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. “பாப்போம்” என்றாள். இரண்டு ஆண்டுகள் வரவில்லை. மூன்றாம் ஆண்டு ஒரு நாள் ஆய்வக வாசலில் குடையோடு நின்றாள்.

மேடம் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். நுண்ணோக்கியில் குனிந்து எண்ணுவதற்கு அங்கே ஆளே வேண்டியதில்லை, இயந்திரம் எண்ணிவிடுகிறது. என் முழங்கால் படி ஏற மறுக்கிறது. அவளுக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, நோய் வரவில்லை, திருமணமும் நடக்கவில்லை. ஆண்டுதோறும் வருகிறாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருப்போம். போன மாதமும் அப்படித்தான். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியதும், சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. பாவம், நெனச்சுக்கிட்டே இருப்பாங்க.”

அங்கேயே நின்று போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். ஒன்றுமில்லையாம் மேடம், என்றேன். “செரி” என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. நானும் வைக்காமல் நின்றிருந்தேன்.