செங்கோடன் வைத்த சுண்ணாம்புப் பொட்டு

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் முள்ளுக்குறிச்சிக் கொட்டகையில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து எங்கள் மர லாரி இறங்கி வந்தது. பின்பக்கத்திலிருந்து செங்கோடனின் தம்பி சடையன் குதித்து, கிட்டே வந்து நின்றான்.

"அண்ணன் போயிட்டாருங்க மேஸ்திரி" என்றான்.

நாலு நாள் விஷக்காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டித் தூக்கி வரும் வழியில் உயிர் பிரிந்துவிட்டதாம். மரம் வெட்டும் கூப்பு வரைக்கும் மண்பாதை உண்டு. அங்கே எங்கள் லாரி நின்றிருக்கிறது. அதில் ஏற்றாமல், அதைத் தாண்டித் தூக்கி நடந்திருக்கிறார்கள். எனக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். லாரி நிற்கும்போது டோலி எதற்கடா என்று சடையனிடம் கத்தினேன். அவன் திரும்பிப் போய் லாரியின் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

செங்கோடனை உங்களில் பலர் அந்த லாரியின் டிரைவராக அறிவீர்கள். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் தினையும் சாமையும் விதைக்கிற குடும்பம். பாதை வெட்டியபோது கல் உடைக்க வந்தவர், கிளீனராகி, டிரைவரானார். செருப்பில்லாமல்தான் ஓட்டுவார். மழைக்காலம் முடிந்ததும், முதல் நடைக்கு முன்னால் பாதை முழுவதையும் வெறுங்காலோடு ஒரு தடவை நடந்து இறங்குவார். எந்தத் திருப்பத்தில் மண் கரைந்திருக்கிறது என்று நான் கேட்டால், காலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். நான் சிடுமூஞ்சி. வேலை இல்லாமல் என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்த ஒரே மனுஷன் அவர்தான்.

யுத்தகாலத்தில் புதுச் சாமான் ஏது? சேலத்தில் பழைய சாமான் கடையில் ஷாக் அப்சார்பர் இரண்டு ஜதை கிடைத்தது. பள்ளத்தில் விழுந்து எழும் வண்டியைத் துள்ளவிடாமல் அடக்குவது அதுதான். செங்கோடன் இரண்டையும் கையால் அழுத்திப் பார்த்து, இளக்கமாக இறங்கி ஏறிய ஜதையைக் காட்டினார். அசைக்கவே முடியாத ஜதையை நான் எடுத்தேன். கரடான பாதைக்கு இறுக்கமானதுதான் தாங்கும், லோடோடு வண்டி சாயாது என்பது என் கட்சி.

"சாயாதுங்க, ஆனாக் குதிக்கும். குதிச்சா சக்கரம் மண்ணை விட்டுரும்" என்றார். "ஒருக்கா பின்னால உக்காந்து வந்து பாருங்க மேஸ்திரி."

பின்னால் உட்கார நான் என்ன மூட்டையா என்று கேட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது சின்னப்பிள்ளைச் சண்டை. ஷாக்கின் நடுவில் ஒரு போல்ட் உண்டு. முறுக்கினால் இறுகும், தளர்த்தினால் இளகும். சாயங்காலம் நான் முறுக்கிவிட்டுப் போவேன். காலையில் அவர் அரைச் சுற்றுத் தளர்த்தி, வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, போல்ட் தலையில் ஒரு பொட்டும் பக்கத்துத் தகட்டில் ஒரு பொட்டும் வைப்பார். இரண்டும் நேருக்கு நேர் நின்றால் அது அவருடைய கணக்கு. நான் மறுபடி முறுக்குவேன். பொட்டை மட்டும் அழிக்கமாட்டேன்.

தை மாதம் இடுப்பு வலி என்று அவர் ஊரோடு தங்கிவிட்டார். புது டிரைவர் போல்ட்டைத் தொடுகிற ஆள் இல்லை. நான் முறுக்கியது முறுக்கியபடி இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சாவுச் சேதி வந்த அந்த வெள்ளிக்கிழமை, செங்கோடனுக்கு மண் போடப் போவதற்கு அதே லாரியில் ஏறினேன். டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தது. ஏனோ பின்னால் சடையனோடு ஏறிக்கொண்டேன். முதல் கல்மேட்டிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது திருப்பத்தில் பலகையை விட்டு எழும்பி விழுந்தேன். முதுகில் உலக்கையால் இடித்ததுபோல் இருந்தது. உப்பு மூட்டையோடு வந்த இரண்டு பெண்கள் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக் குந்திக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பழக்கம்.

சடையன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அண்ணன்தானுங்க வேண்டாம்னாரு. இந்த வண்டியில என்னைப் போடாதீங்க, என்ற இடுப்பு தாங்காது, டோலியே கட்டுங்கன்னாரு. மேஸ்திரிகிட்டச் சொல்லிப்போடாதீங்கன்னும் சொன்னாருங்க."

லாரியில் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஏழு வருஷம் தானே ஓட்டிய வண்டியில் படுக்க அவர் பயந்திருக்கிறார். அந்தப் பயம் நான் முறுக்கி வைத்தது.

மண் போட்டுவிட்டு வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துச் சேற்றைத் துடைத்தேன். பொட்டுகள் மங்கலாகத் தெரிந்தன. இரண்டு போல்ட்டையும் பொட்டுக்கு நேரே தளர்த்திவிட்டு, என் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு மேலே புதிதாக வைத்தேன். செங்கோடனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பொட்டும், அந்த அரைச் சுற்றும்தான்.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தேன். நான் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.